மித்தி கழிமுகத்துக்கு நடந்து போக வழி: நம் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு நண்பர்களே, கூட்டுக் குழுவில் நம்மோடு கைகோத்திருக்கும் மீனவர் குடியிருப்பான கோலிவாடா, குயவர் குடியிருப்பான கும்பார்வாடா பிரதிநிதிகளே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான பணிகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மார்ச்சுக்குப் பிறகு நடந்த சிலவற்றையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். உச்ச நீதிமன்றமும் பருவமழையும் நம் நிதியாண்டைப் பார்த்து வருவதில்லை.

இந்த ஆண்டில் நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினர்களுக்குக் கூட்டத் தொடக்கத்தில் அஞ்சலி செலுத்தினோம். அவர்களில் ஒருவர், மும்பை தாராவியிலிருந்து காடிக்கரை, அதாவது கழியின் கரை, வரை தடையில்லாமல் நடந்து போன காலத்தைக் கண்டவர். இன்று நாம் கேட்கும் வழிகளில் பாதி அவர் விரல் நீட்டிக் காட்டியவைதான்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. விஹார், பொவாய் ஏரிகள் நிரம்பி வழியும் நீரில் தொடங்கும் மித்தி ஆறு, ஏறத்தாழ 18 கி.மீ. ஓடி மாகிம் கழியில் கடலைச் சேர்கிறது. குப்பைமேடாகக் கிடந்து 1994-இல் திறக்கப்பட்ட மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவிலிருந்து மாகிம் பாலச்சாலை வரையிலான தென்கரைதான் நம் கூட்டுக் குழுவின் எல்லை. கடல் நீர் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் பகுதி இது. 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டி, மித்தி கரையை உடைத்துக்கொண்டு வந்ததை இங்கிருக்கும் பலர் கழுத்தளவு நீரில் நின்று பார்த்தவர்கள். அதன் பிறகு ஆறு அகலப்படுத்தப்பட்டது, கரைகளில் தடுப்புச் சுவர்கள் எழுந்தன. சுவர் தேவைதான், அதில் நமக்குள் மாறுபாடு இல்லை. சுவர் கட்டியவர்கள் வாசல் வைக்க மறந்ததுதான் நம் பிரச்சினை.

‘மாலை நேரத்தில் காற்று வாங்க இவ்வளவு பாடா’ என்று வெளியாட்கள் கேட்கிறார்கள். நம் ஆட்களில் காற்று வாங்கப் போகிறவர் சிலரே. பாந்திரா–குர்லா வளாகத்தின் அலுவலகங்களில் துப்புரவு வேலைக்கும் காவல் வேலைக்கும் விடியற்காலையில் நடந்து போகிறவர்கள், கூடையோடு வரும் கோலிப் பெண்கள், சுட்ட பானைகளைக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு வரும் கும்பார்வாடாக்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள் ஆகியோர்தான் இந்தப் பாதையில் நடப்பவர்கள். பஸ்ஸுக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடிக்க நடப்பவர்களும் உண்டு. அவர்களை வைத்தே இந்த ஆண்டின் பணிகளைத் தேர்ந்தெடுத்தோம்.

முடிந்தது என்ன என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய பணி எதுவும் முடியவில்லை. மூன்று இடங்களில் மட்டும் வழி திறந்திருக்கிறது: சந்து முனையின் கம்பங்கள், சுவரை ஒட்டிய சாய்தளம், படகுத்துறைப் படிகள். மூன்றுமே ஒரு துறையின் எல்லை முடிந்து இன்னொரு துறையின் எல்லை தொடங்கும் இடங்கள். இது தற்செயல் அல்ல. இந்தக் கரையில் மாநகராட்சி, மும்பைப் பெருநகர வளர்ச்சி ஆணையமான எம்.எம்.ஆர்.டி.ஏ., வனத்துறையின் அலையாத்திப் பிரிவு, மாவட்ட ஆட்சியர் அலுவலகம் என்று பலருக்கும் ஆளுக்கொரு துண்டு இருக்கிறது. தத்தம் துண்டை ஓரளவுக்கு எல்லாரும் பார்த்துக்கொள்கிறார்கள். துண்டும் துண்டும் சேரும் மூட்டில்தான் கல் பெயர்ந்து கிடக்கிறது, சாக்கடை மூடி காணாமல் போகிறது, விளக்கு எரியாமல் நிற்கிறது.

பூங்காவுக்கு மேற்கே உள்ள ஒரு சிறு நிலத்துண்டு யாருடையது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணம் கட்டிக் கேட்டோம். மனு பெற்ற அலுவலகம், சட்டத்தின் 6(3) பிரிவின்படி அதை இன்னோர் அலுவலகத்துக்கு மாற்றியது. அந்த அலுவலகம், அதே பிரிவைக் காட்டி, முதல் அலுவலகத்துக்கே திருப்பி அனுப்பியது. பெயர்கள் வேண்டாம், இருவரோடும் நாம் இன்னும் பேச வேண்டியிருக்கிறது. முதல் மேல்முறையீட்டில் இரு தரப்பும் ஒரே வரைபடத்தைப் பார்க்க நேர்ந்தது. நிலம் யாருடையது என்பது இன்றைக்கும் தீரவில்லை. ஆனாலும் அங்கே நாம் தட்டைக்கல் பதிப்பதை ஆட்சேபிக்கப் போவதில்லை என்று இருவரும் எழுதிக் கொடுத்தார்கள். நம் சங்கத்தின் கோப்புகளில் இந்த ஆண்டு சேர்ந்தவற்றுள் மதிப்புள்ள காகிதம் அதுதான் என்பேன்.

இனி கம்பங்கள். மோட்டார் சைக்கிள்கள் நடைபாதையில் ஏறாமலிருக்கச் சந்து முனையில் சில ஆண்டுகளுக்கு முன் இரும்புக் கம்பங்கள் நடப்பட்டன. கேட்டு வாங்கியவர்கள் நாம்தான் என்று பழைய நிகழ்ச்சிக் குறிப்பேடு சொல்கிறது. ஜனவரியில் அளவெடுக்கப் போன அன்று, இளம்பிள்ளை வாதத்தால் கால் வழங்காத நம் உறுப்பினர் ஒருவர் தன் மூன்று சக்கர வண்டியோடு அந்தக் கம்பங்களின் முன் நின்றார். முன் சக்கரம் நுழைந்தது. பின் அச்சு இடித்தது. அவர் பின்னால் வந்த ஒரு பையன் ஸ்கூட்டரின் கைப்பிடியை ஒருபக்கமாகச் சாய்த்து, வலது முழங்காலைத் தூக்கி, சுவருக்கும் கடைசிக் கம்பத்துக்கும் நடுவே சறுக்கிக்கொண்டு போய்விட்டான். ‘அண்ணாச்சி, இந்தக் கம்பம் யாரை நிறுத்துவதற்கு?’ என்று நம் உறுப்பினர் கேட்டார். அளவெடுத்த நாடாவைச் சுருட்டிவிட்டு அன்றே வார்டு அலுவலகத்துக்கு மனு எழுதினோம்.

இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012 வழிகாட்டி நெறி (ஐ.ஆர்.சி. 103), நடைபாதைக்குத் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் என்றும், ஓரக்கல்லின் உயரம் 150 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது என்றும் சொல்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் துணைக்கு இருக்கிறது. இவற்றை மேற்கோள் காட்டியதும் நடுக் கம்பம் ஒன்று அகற்றப்பட்டது. இப்போது சக்கர நாற்காலி போகிறது, கும்பார்வாடாவின் கைவண்டி போகிறது, மோட்டார் சைக்கிளும் முன்னைவிட வசதியாகப் போகிறது. ‘கம்பத்தைத் திரும்ப நடுங்கள்’ என்று சில உறுப்பினர்கள் எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. ஆனால் ஓட்டுநரைத் தடுப்பது போக்குவரத்துக் காவலரின் வேலை. அந்த வேலை நடக்கவில்லை என்பதற்காக, நடக்க முடியாதவரை வெளியே நிறுத்துவதற்கு நான் உடன்பட மாட்டேன். பொதுக்குழு வேறு முடிவு எடுத்தால் கட்டுப்படுகிறேன்.

சாய்தளம் பற்றிச் சுருக்கமாக. சுவரை ஒட்டிய மேடு 60 செ.மீ. ஏற வேண்டும். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில் அதற்கு 7.2 மீட்டர் நீளம் தேவை. நேர்கோட்டில் அவ்வளவு இடம் இல்லை. நடுவில் ஒரு சமதளம் விட்டுத் திரும்பி ஏறும்படி வரைந்து கொடுத்தவர் நம் உறுப்பினர் ஒருவரின் மகள், கட்டடக்கலை மாணவி. ஒப்பந்ததாரர் முதலில் போட்ட சரிவில் சைக்கிளைத் தள்ளுவதே சிரமமாக இருந்தது. உடைத்துத் திரும்பப் போட வைத்தோம்.

நம் கூட்டங்களில் அதிகம் சத்தம் எழுந்தது அலையாத்தி மரங்களைப் பற்றித்தான். இளைஞர் அணியினர், மரங்களுக்கு நடுவே பலகைப் பாதை வேண்டும் என்றார்கள். 2019-இன் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, அனுமதி பெற்ற திட்டத்தின்கீழ் அலையாத்திக் காட்டுக்குள் நடைபாதையை ஏற்கிறது என்பது உண்மையே. அதே சமயம் மும்பை உயர் நீதிமன்றம் 2005-இல் இடைக்கால ஆணையாகவும் 2018 செப்டம்பரில் இறுதித் தீர்ப்பாகவும் சொன்னது நம்மைக் கட்டுப்படுத்துகிறது. மரங்களைச் சுற்றி 50 மீட்டர் காப்பு வளையம் உண்டு. பொதுநலத் திட்டமே ஆனாலும் மரத்தை வெட்ட நீதிமன்ற அனுமதி வேண்டும். சட்டத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும் என் கருத்து வேறல்ல. 2005 வெள்ளத்துக்குப் பிறகு அந்த மரங்களின் அருமை தெரியாதவர் தாராவியில் இருக்க முடியாது. சேற்றில் நட்ட பலகையை ஒவ்வொரு மழைக்குப் பிறகும் யார் மாற்றுவார்கள் என்ற கேள்விக்கும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. மரங்களுக்கு நிலப்பக்கமாக ஏற்கெனவே காலடி பட்டுத் தேய்ந்த தடத்தை மட்டும் சீர்செய்வது, சிமென்ட் போடுவதில்லை என்று தீர்மானித்தோம்.

விளக்கு விஷயத்தில் இரு தரப்பும் பேசின. கொக்கும் மடையானும் நீர்க்காகமும் அடையும் இடத்தில் வெளிச்சம் வேண்டாம் என்றார்கள் பூங்காவின் தன்னார்வலர்கள். இரவுப் பணி முடிந்து பத்து மணிக்கு மேல் திரும்பும் பெண்களுக்கு அந்த இருட்டு எப்படிப்பட்டது என்பதை மகளிர் அணித் தலைவி ஒரே நிமிடத்தில் சொல்லி முடித்தார். இடுப்பளவு உயரத்தில், தரையை மட்டும் பார்க்கும் விளக்குகள், அதுவும் சாலைப் பக்கம் என்று ஒப்புக்கொண்டு மனு கொடுத்திருக்கிறோம். 2022 மார்ச்சில் தொடங்கி இந்த அறிக்கை ஆண்டு முழுவதும் மாநகராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் இல்லை, நிர்வாகிதான் இருந்தார். அதனால் மனுவைப் பின்தொடர்வது என்றால் வார்டு அலுவலகப் படி ஏறுவதாகவே இருந்தது. அங்கே அதிகாரி மாறினால், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

படகுத்துறைப் படிகளுக்குக் கோலிவாடாவின் மூத்த மாவ்ஷி (மராத்தியில் சித்தி, பெரியம்மா) ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். நாங்கள் கொண்டுபோன வரைபடத்தை அவர் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. நீர் வற்றும் நேரத்தில் வரச் சொன்னார். போனோம். வரைபடத்தில் நீரைத் தொட்டுக்கொண்டிருந்த கடைசிப் படி, சேற்றுக்கு மேலே முழங்கால் உயரத்தில் தொங்கியது. கூடையைத் தலையில் வைத்தபடி அவர் ஒரு காலைத் தூக்கிப் படியில் வைக்க முயன்று, முடியாமல், எங்களைத் திரும்பிப் பார்த்தார். கீழே இன்னும் இரண்டு படிகள் சேர்ந்தன. பாசி வழுக்காமலிருக்க மேற்பரப்பில் வரிகளும் வெட்டப்பட்டன. அந்த வரிகளில் இப்போதே சேறு அடைந்திருக்கிறது. தேய்த்துக் கழுவும் முறையைக் கோலிவாடாவும் நாமும் மாதம் மாற்றி ஏற்றிருக்கிறோம்.

ஏற்ற இறக்கத்தைப் பற்றிய அறிவிப்புப் பலகை செலவில்லாத பணி. நீர் ஏறும் நேரம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். மழைக்காலத்துக்கு முன் மாநகராட்சி, 4.5 மீட்டருக்கு மேல் கடல் ஏறும் நாட்களின் பட்டியலை வெளியிடுகிறது. அந்த நாட்களில் மழையும் சேர்ந்தால் வடிகால் வழியாக நீர் எதிர்த்து ஏறி, நம் தடத்தின் தாழ்ந்த பகுதி மூழ்கிவிடும். 90 அடி சாலைத் தேநீர்க் கடை ஒன்றில் கரும்பலகை வைத்து, பள்ளி மாணவர்கள் நேரத்தை எழுதுகிறார்கள். கடைக்காரர் முதலில் இடம் தரத் தயங்கினார். இப்போது பலகையைப் பார்க்க வருபவர்கள் தேநீரும் குடிப்பதால் அவரே சுண்ணக்கட்டி வாங்கி வைக்கிறார்.

பொங்கல் விழா, ஓவியப் போட்டி, உறுப்பினர் சேர்க்கை எல்லாம் வழக்கம்போல் நடந்தன. விழாவுக்கான பானைகள் கும்பார்வாடாவிலிருந்தே வந்தன. காடிக்கரைத் துப்புரவு நாட்களைப் பற்றி மட்டும் ஒரு சொல். காலையில் அள்ளிய பிளாஸ்டிக் அடுத்த ஏற்றத்தில் திரும்பி வந்துவிடுகிறது. நமக்கு மிஞ்சுவது கையுறையோடு எடுத்த புகைப்படம்தான். ஆற்றைத் தூர்வாருவதிலேயே 65 கோடி ரூபாய்க்கு மேல் முறைகேடு என்று மும்பைக் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவு 2025 மே மாதம் வழக்குப் பதிந்திருப்பதைப் படித்திருப்பீர்கள். அந்த வழக்கு அதன் வழியில் போகட்டும். நாம் துப்புரவு நாளுக்குச் செலவிடும் ஆள்பலத்தைப் பாதைப் பராமரிப்புக்குத் திருப்பலாம் என்பது என் பரிந்துரை.

மார்ச்சுக்குப் பின் நடந்தவற்றில் முக்கியமானது உச்ச நீதிமன்றத்தின் 2025 மே 14 ஆணை. தடையில்லாத நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவைச் சேர்ந்தது, அதை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிய வேண்டும் என்று அது சொல்கிறது. அந்த வழக்கைத் தொடுத்தவர் கோவையைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர். ஆணையின் நகல் நம் ஒவ்வொரு மனுவோடும் இப்போது போகிறது. அதே மே மாதம் மெட்ரோ மூன்றாம் தடத்தில் தாராவி நிலையம் திறந்தது. பாந்திரா–குர்லா வளாகத்துக்கு ரயில் மித்திக்கு அடியிலேயே போய்விடுகிறது. டிக்கெட் எடுக்க இயலாதவர்கள் மேலேதான் நடக்கிறார்கள். மே 26-லேயே பருவமழை வந்துவிட்டதால், மழை வழக்கமாகத் தொடங்கும் ஜூன் 11-ஐ நம்பித் திட்டமிட்ட தட்டைக்கல் பணி பாதியில் நிற்கிறது.

கணக்குகள் தணிக்கை செய்யப்பட்டு அறநிலைய ஆணையர் அலுவலகத்துக்கு அனுப்பத் தயாராக உள்ளன, பொருளாளர் வாசிப்பார். பொதுக்குழுவின் முடிவுக்காக மூன்று தீர்மானங்களை வைக்கிறேன். முதலாவது, நின்றுபோன தட்டைக்கல் பணியை மழை ஓய்ந்ததும் நம் நிதியிலிருந்தே முடிப்பது. இரண்டாவது, சந்து முனைக் கம்பம் பற்றிய வாக்கெடுப்பு. மூன்றாவது, கூட்டுக் குழுவின் நடவடிக்கைக் குறிப்புகளைத் தமிழோடு மராத்தியிலும் எழுதுவது. கோலிவாடா நண்பர்கள் இதுவரை நம் தலையசைப்பை நம்பியே கையெழுத்திட்டு வந்திருக்கிறார்கள்.

அறிக்கையை ஏற்று, தீர்மானங்களை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்