முரளிக்கு, உன் கிட்டாரைப் பற்றி

திருச்சி
ஐப்பசி 28

அன்புள்ள முரளி,

இங்கே எல்லோரும் நலம். சித்ராவின் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறுகிறாளா? சின்னவன் பரீட்சை நன்றாக எழுதியதாக அக்கா சொன்னார்கள், சந்தோஷம். மழை பிடித்துக்கொண்டது, உய்யக்கொண்டான் வாய்க்கால் கரை தொட்டு ஓடுகிறது. பாலன் மறுபடியும் கீபோர்டை விற்கப் போகிறானாம். எத்தனையாவது தடவை என்று நீயே எண்ணிக்கொள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆவணியில் நீ போன் செய்து, “கிட்டார் எப்படிடா இருக்கு?” என்று கேட்டாய். “நல்லா இருக்கு” என்றேன். அது பொய். அன்றைக்கு உன் கிட்டார் தலை முறிந்து, அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றி, என் பீரோ மேல் கிடந்தது. அதற்குப் பிறகு நீ கூப்பிட்ட இரண்டு தடவையும் நான் எடுக்கவில்லை. வேலை அதிகம் என்று அப்புறம் அனுப்பினேனே, அதுவும் பொய்தான். இப்போது அது சரியாகிவிட்டது. சரியானால்தான் உனக்கு எழுதுவது என்று பிடிவாதமாக இருந்தேன். அந்தப் பிடிவாதம் தப்பு. முறிந்த அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

நடந்தது இதுதான். ஆடி இரண்டாவது வாரம். மாடி அறையில் ஸ்டாண்டில் நின்றது. ஜன்னலை நான்தான் திறந்து வைத்துவிட்டுக் கீழே வந்தேன். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். கதவு வந்து ஸ்டாண்டில் அறைந்து, கிட்டார் மல்லாக்கச் சாய்ந்துவிட்டது. சத்தம் கேட்டு ஓடினேன். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் கம்பிகள் தலைக்கு ஏறும் இடத்தில் தாங்கி நிற்கும் சின்னப் பட்டையான நட்டுக்குப் பின்னால், விரல் மடங்கும் இடத்தில், கழுத்து சரிவாகப் பிளந்திருந்தது. முன்பக்கம் ஒட்டிய கறுப்புத் தகட்டின் பிடியில் மட்டும் தலை தொங்கியது. ஆறு கம்பியும் தொளதொளவென்று கிடந்தன. கையில் எடுக்கவே பயமாக இருந்தது.

பொன்மலை அங்கிள் ஆஸ்திரேலியா கிளம்பின வாரம் நாம் அவரிடம் அதை வாங்கி வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். உன் அம்மா சீட்டு எடுத்த பணம். சைக்கிள் கேரியரில் வைக்க மாட்டேன் என்று நீ மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாய், நான் மிதித்தேன். 1999இல் மஸ்கட் போகும்போது “பத்திரம்” என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்தாய். அந்த வார்த்தைதான் இந்த நான்கு மாதமும் தூங்க விடவில்லை.

முதல் நாளே ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். பாலன் உடனடிப் பசைக் குப்பியோடு வந்துவிட்டான், இரண்டு சொட்டு விட்டு அமுக்கினால் போதுமாம். கெஞ்சி அனுப்பினேன். அந்தப் பசை நொடியில் இறுகிவிடும். ஒரு மயிரிழை தள்ளி உட்கார்ந்தால் பிறகு பிரிக்கவே முடியாது, மர நாரையும் கண்ணாடி மாதிரி ஆக்கி அடுத்த பசையை உள்ளே விடாது. நான் செய்த ஒரே நல்ல காரியம், முறிந்த இடத்தை அமுக்கிப் பார்க்காமல், நார் மடங்காமல், தூசு படாமல் அப்படியே சுற்றி வைத்தது. தரையில் சிந்திய இரண்டு சிம்புகளையும் தீப்பெட்டியில் எடுத்து வைத்தேன்.

சென்னையில் ஒரு கடையில் போட்டோ அனுப்பிக் கேட்டேன். “நெக்கையே மாத்திடுங்க சார்” என்றார்கள். ஃபெண்டர் மாதிரி கிட்டாராக இருந்தால் அதுவே சரியான பதில். லியோ ஃபெண்டர் 1950இலேயே கழுத்தை நான்கு திருகில் மாட்டிவிட்டார். தலையும் பின்னால் சாயாமல் கழுத்தோடு நேராகப் போகும், மேப்பிள் மரம் வேறு, அதனால் அங்கே முறிவதும் அபூர்வம். முறிந்தாலும் நான்கு திருகைக் கழற்றி வேறு கழுத்தை மாட்டலாம். உன்னுடையது கிப்சன் கம்பெனியின் லெஸ் பால் கிட்டாருக்கு ஜப்பானில் செய்த நகல். கழுத்தை உடம்போடு பசை வைத்து ஒட்டியிருக்கிறார்கள், கழற்ற முடியாது. தலை 17 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கிறது, அசல் கிப்சனில் இருப்பதுபோலவே. நேர் ரேகை மஹோகனிக் கட்டையில் தலையைச் சாய்த்து அறுக்கும்போது மர ரேகை அந்த இடத்தில் குறுக்கே வெட்டுப்பட்டுக் குட்டையாகிவிடுகிறது. போதாததற்குக் கழுத்தை நேராக நிறுத்த உள்ளே ஓடும் இரும்புக் கம்பியை, டிரஸ் ராடை, திருக ஒரு குழியையும் சரியாக அதே இடத்தில் தோண்டுகிறார்கள். கழுத்திலேயே மெலிந்த இடத்தில்தான் இத்தனையும். மல்லாக்க விழும்போது உடம்பு தரையில் நின்றுவிடுகிறது. ஆறு டியூனிங் கீயின் கனத்தோடு தலை மட்டும் இன்னும் போகப் பார்க்கிறது. பெட்டிக்குள் இருக்கும்போதே முறிந்த கிட்டார்கள் உண்டு என்று படித்தேன். கிப்சனே 1970களில் அந்த இடத்தில் ஒரு புடைப்பு விட்டுச் செதுக்கியும், மூன்று மேப்பிள் துண்டுகளைச் சேர்த்துக் கழுத்து செய்தும் பார்த்திருக்கிறார்கள். முன்பே தெரிந்திருந்தால் ஸ்டாண்டிலேயே நிறுத்தியிருக்க மாட்டேன்.

அப்புறம் ஒரு நாள் தஞ்சாவூர் போனபோது, நம் தாமஸ் சார் சொல்லி, வீணை செய்யும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். பட்டறை முழுக்கப் பலா மரச் செதில் வாசனை. கழுத்தைத் தண்டி என்றே சொன்னார். உள்ளே இரும்புக் கம்பி ஓடுகிறது என்றதும் ஆச்சரியப்பட்டு எட்டிப் பார்த்தார். அந்த ஏற்பாட்டுக்குக் கிப்சன் கம்பெனியின் தாடியஸ் மெக்ஹ்யூ 1923இல் காப்புரிமை வாங்கியதைச் சொன்னேன். “நூறு வருஷமா இதை வச்சுத்தான் தண்டியை நேரா நிறுத்துறாங்களா!” என்றார். முறிவில் நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு, “நீளமா பிளந்திருக்கு தம்பி. குறுக்கே ஒடிஞ்சிருந்தாத்தான் கஷ்டம். நாங்க குடம், தண்டி, யாளின்னு தனித்தனியா செஞ்சு ஒட்டித்தான் ஒட்டு வீணை பண்றோம், ஒரே கட்டையில குடையற ஏகாண்டத்தைவிட இதுதான் அதிகம் போகுது. ஒட்டு நின்னா மரம் நிக்கும்” என்றார். அந்த நிமிஷம்தான் எனக்கு மூச்சு வந்தது, முரளி.

பசையில் மட்டும் இரண்டு பேருக்கும் வாக்குவாதம். அவருக்கு வஜ்ஜிரப் பசைதான் வேண்டும். தோலிலிருந்து காய்ச்சுவது, 60 டிகிரிச் சூட்டில் வைத்திருக்க வேண்டும். அது இறுகினால் கல். பின்னொரு நாள் சூடும் ஈரமும் காட்டினால் பிரியும் என்பதால் அடுத்த தலைமுறை பழுது பார்க்கவும் வசதி. பழைய கிட்டார்கள் பலதும் அதில் ஒட்டியவைதான். ஆனால் அது ஆறுவதற்குள், சில நிமிடங்களிலேயே, எல்லாம் பொருந்திவிட வேண்டும். இத்தனை சிம்பு நிற்கும் முறிவில் எனக்கு அந்தத் தைரியம் இல்லை. சாதாரண வெள்ளைப் பசையோ, ஓயாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் வருஷக்கணக்கில் மெல்ல நழுவும். கடைசியில் கிட்டார் செய்பவர்கள் பயன்படுத்தும் மஞ்சள் மரப்பசை, டைட்பாண்ட், வரவழைத்தேன். அவர் தொட்டு முகர்ந்து பார்த்து அரை மனதாக ஒத்துக்கொண்டார்.

முறிவின் குறுக்கே பள்ளம் இழைத்து இரண்டு கடின மரக் கீற்றுகளைப் பதிக்கலாமா என்று கேட்டேன். அது மரம் காணாமல் போனவனுக்கும், ஒட்டி ஒட்டி மறுபடி விட்டவனுக்கும் என்றார். நம்முடையது புது முறிவு, இரண்டு பக்கமும் பல் மாதிரிப் பொருந்துகிறது, நல்ல மரத்தை ஏன் வெட்ட வேண்டும்? அவர் சொன்னதுதான் சரி.

ஒட்டியது புரட்டாசியில், வெயில் காய்ந்த ஒரு காலை. டிரஸ் ராடின் மரையில் பசை இறங்கிவிடாமல் மெழுகு பூசினோம். பசை இல்லாமல் ஒரு தடவை முழுக்கப் பூட்டி ஒத்திகை பார்த்தோம். பலாத் துண்டு ஒன்றைக் கழுத்தின் வளைவுக்கு அச்சாகக் குடைந்து, கார்க் ஒட்டி, பிளாஸ்டிக் தாள் சுற்றித் தந்தார். பிறகு தலையை லேசாக விரித்து, ஊசி போடும் சிரிஞ்சால் பசையை அடி வரைக்கும் ஏற்றினேன். முறிவு சரிவாக இருப்பதால் நேரே அமுக்கினால் தலை வழுக்கி நகர்கிறது. பெரியவர் சற்றும் பதறாமல் தலையிலிருந்து உடம்பு வரை கயிறு கட்டி, அதில் கட்டை விட்டு முறுக்கி நகரவிடாமல் பிடித்தார், நான் மூன்று கிளாம்பைப் பூட்டினேன். விளிம்பு நெடுகப் பசை முத்து முத்தாக வெளியே வந்தது. அதை வெந்நீர்த் துணியால் துடைத்தபோது என் கை நடுங்கியது. ஒரு நாள் போதும் என்று டப்பாவில் போட்டிருந்தது. நான் மூன்று நாள் தொடவில்லை.

பிறகும் ஒரு கண்டம். பத்து நாள் கழித்துக் கம்பி மாட்டினால் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டுகளில், முதல் மூன்று ஃப்ரெட்டிலும், ஙொய் என்று இரைச்சல். ஒட்டு விட்டுவிட்டதோ என்று வயிறு கலங்கியது. அதில்லை. கம்பியே இல்லாமல் இத்தனை நாள் கிடந்ததில், டிரஸ் ராடு மட்டும் தனியாக இழுத்துக் கழுத்தைப் பின்னால் வளைத்திருக்கிறது. முறிந்த அன்றே அதைத் தளர்த்தியிருக்க வேண்டும், எனக்குத் தோன்றவில்லை. கால் சுற்றுத் தளர்த்தி ஒரு நாள், இன்னும் கால் சுற்று, இன்னொரு நாள். தெருமுனை பைக் மெக்கானிக்கிடம் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வாங்கிவந்து, கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசியிலும் அழுத்தி, ஏழாவதில் அளந்தேன். கால் மில்லிமீட்டர். இரைச்சல் போய்விட்டது.

கோடு தெரிகிறது, அதை மறைக்கவில்லை. அரக்கு கரைத்த ஸ்பிரிட் பாலிஷை மட்டும் விரலால் தேய்த்துவிட்டிருக்கிறேன். கட்டை விரலை ஓட்டினால் தட்டாது, வெளிச்சத்தில் சாய்த்தால் தலைமயிர் மாதிரி ஒரு கோடு. வேறு நிறம் அடித்துத் தெரியாமல் செய்து தரச் சொல்லலாம். உன்னிடம் ஒரு தடவை மறைத்ததே போதும்.

முன்பு நீ லாலாபேட்டையில் வாசித்தாயே, அதை நேற்று ராத்திரி மெல்ல வாசித்துப் பார்த்தேன். நடு ஃப்ரெட்டுகளில் சுருதி முன்பு மாதிரியே நிற்கிறது. திறந்த கம்பியின் கார்வைகூடக் குறையவில்லை. என் காது ஆசையில் கேட்கிறதோ என்று சந்தேகம் வந்து பாலனைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். அவன் ஒன்றும் பேசாமல் கோட்டைத் தேடிக்கொண்டிருந்தான்.

கூரியரில் அனுப்பச் சொல்லாதே, மாட்டேன். பொங்கலுக்கு வந்து நீயே எடுத்துக்கொள். இனிமேல் என் வீட்டில் வேண்டாம் என்று தோன்றினால் அதையும் சொல், கோபித்துக்கொள்ள மாட்டேன். வரும்போது பத்தாம் நம்பர் கம்பி ஒரு செட் வாங்கி வா. அது ஏறக்குறைய 44 கிலோ இழுக்கும் என்பதால் இப்போதைக்கு ஒன்பதாம் நம்பர் மாட்டியிருக்கிறேன், அது 36 கிலோதான். பத்தை நீ மாட்டு.

உன்
சேகர்