மாளிகை மறைந்த அகழிகளையும் காக்க வேண்டும்

இங்கிலாந்தின் தொல்சின்னங்களைப் பேணும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து நிறுவனத்தாருக்கும் பிரித்தானியப் பண்பாட்டுத் துறை அமைச்சருக்கும்,

வணக்கம்.

கென்ட்டின் ஐட்டம் மோட், நார்ஃபோக்கின் ஆக்ஸ்பரோ ஹால் போன்ற மாளிகைகள் அகழிநீர் சூழ இன்றும் நிற்கின்றன. அவற்றைக் காண மக்களும் வருகிறார்கள். இம்மடல் அவற்றைப் பற்றியதன்று. இங்கிலாந்தில் அறியப்பட்டுள்ள சுமார் 6,000 அகழி சூழ் மனைகளுள் பலவற்றில், பாதி தூர்ந்த நாற்கோணப் பள்ளமும் அதன் நடுவே சற்றே உயர்ந்த திடலும் மட்டுமே மிஞ்சியுள்ளன. அவற்றுக்காகவே எழுதுகிறேன்.

இவற்றுள் பெரும்பாலானவை 1250க்கும் 1350க்கும் இடையில் வெட்டப்பட்டவை. பகைவரைத் தடுப்பதைவிட உடையவரின் செல்வாக்கை ஊரறியச் செய்வதே பல இடங்களில் நோக்கமாக இருந்தது. அரண்மனை வரலாற்றில் பெயர் பதியாத சிறு நிலக்கிழார்கள் என்ன உண்டார்கள், எதை உடுத்தார்கள், எந்த மரத்தால் வீடு கட்டினார்கள் என்பதை அகழியின் அடிச்சேறு சொல்லும். அங்கே காற்றுப் புகாததால் பலகையும் தோற்செருப்பும் விதையும் மகரந்தமும்கூட நூற்றாண்டுகள் தாண்டி அழுகாமல் கிடக்கின்றன. நீர் வற்றினால் இவை மக்கத் தொடங்கிவிடும். பிறகு எந்த அகழாய்வாலும் அவற்றை மீட்க முடியாது.

எனக்குள்ள பெருங்கவலை இதுதான். 1979ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டம், காப்புக்குரிய சின்னங்களின் பட்டியலில் குறித்த எல்லைக்குள் நடக்கும் பணிகளுக்கே முன்இசைவு கேட்கிறது. எல்லைக்கு வெளியே, அடுத்த வயலில் வடிகால் குழாய் பதித்தாலும் அகழியின் ஈரம் வடிந்துபோகும். எல்லைக்குள்ளும் முழுக் காப்பு இல்லை. முந்தைய ஆறு ஆண்டுகளுக்குள் சட்டப்படி உழுத இடத்தை அதே முறையில் தொடர்ந்து உழுவதற்கு, தனியே இசைவு கேட்காமலே 1994ஆம் ஆண்டின் பொது இசைவு ஆணை இடம் தருகிறது. உழவின் ஆழம் முன்னைவிட மிகக் கூடாது என்பது உண்மையே. ஆயினும் திடலின் மேல்மண் மழையில் கரைந்து பள்ளத்துக்குள் இறங்கிக்கொண்டே இருப்பதால், அதே ஆழத்தில் செல்லும் கொழு நாளடைவில் அதுவரை தொடாத அடுக்குகளைக் கிளறுகிறது.

உழவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தலைமுறைகளாக இந்நிலங்களைப் பேணியவர்கள் அவர்களே. குறிப்பிட்ட ஒரு சின்னத்துக்கு இந்தப் பொது இசைவு பொருந்தாது என அறிவிக்கும் அதிகாரம் அமைச்சருக்கு உண்டு. நிலத்தைப் பயன்படுத்துவோருடன் ஒப்பந்தம் செய்து பணம் வழங்கவும் 1979ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கிறது. உழவில் தேயும் அகழி மனைகளுக்கு இவ்விரண்டையும் சேர்த்தே கையாளுங்கள். திடலைப் புல்நிலமாக விடுபவர் வருமானம் இழக்கலாகாது. அண்டை நிலத்தில் வடிகால் அமைக்குமுன் உங்களிடம் கருத்துக் கேட்பதையும் கட்டாயமாக்க வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தொல்லியல் ஆர்வலர் ஒருவர்