காம்பு காயும்வரை கை வைக்காதே, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ புலம்பியதைக் கேட்டதிலிருந்து உன் அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நியூஜெர்சியில் வீட்டுக்குப் பின்னால் பட்டர்நட் பூசணி போட்டேன், கொடி வேலியைத் தாண்டிவிட்டது, மஞ்சள் மஞ்சளாய்ப் பூக்கிறது, ஆனால் பத்து நாளாக ஒரு பிஞ்சுகூட இல்லை, எல்லாம் உதிர்கிறது என்றாயே, அதற்கு நீ யூடியூபில் தேடவே வேண்டியதில்லை. அப்பத்தா உனக்கு ஏழு வயதிலேயே சொல்லிக்கொடுத்த பாடம் அது.

மார்கழியில் கோலத்துக்கு நடுவே சாணிப் பிள்ளையார் வைக்க, விடிவதற்குள் பூசணிப்பூ பறிக்க ஓடுவாய். அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்தபடியே கத்தும்: "நெட்டக் காம்பா இருக்கதை மட்டும் பறிடி, அடியில உருண்டையா இருக்கதைத் தொட்டுறாத!" அந்த நெட்டைக் காம்பு ஆண்பூ, உருண்டை வைத்தது பெண்பூ. முதலில் வருவதெல்லாம் ஆண்பூதான், ஒரு வாரம் பத்து நாள் கழித்துத்தான் பெண்பூ எட்டிப் பார்க்கும். வெயில் கடுமையாக இருந்தாலும், தழைச்சத்து உரத்தை அள்ளிக் கொட்டினாலும் (நீ கொட்டியிருப்பாய், உன்னைத் தெரியாதா) இலையும் ஆண்பூவுமாகவே போய்க்கொண்டிருக்கும். அதனால் இப்போது உதிர்வது நோய் இல்லை, உரத்தை மட்டும் நிறுத்து.

பெண்பூ வந்தும் பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கி விழுந்தால் பெரும்பாலும் தேனீ வந்து போகவில்லை என்று அர்த்தம். சரி, அந்த வேலையை நீ செய். அன்று விரிந்த ஆண்பூ ஒன்றைப் பறித்து, இதழைக் கிள்ளிப் போட்டுவிட்டு, மகரந்தம் ஒட்டியிருக்கும் அந்த நடுத்தண்டைப் பெண்பூவின் நடுவில் நன்றாகத் தேய்த்துவிடு. விடிந்ததும் போக வேண்டும், காபி குடித்துவிட்டு, மெயில் பார்த்துவிட்டுப் போனால் பூ சுருண்டிருக்கும், மறுநாள் அது திறக்காது. ஆகஸ்ட் கடைசிக்குப் பிறகு பிடிக்கிற பிஞ்சு உங்கள் ஊர்ப் பனி விழுவதற்குள் முற்றுவது கஷ்டம், அப்போது கொடியின் நுனியைக் கிள்ளிவிட்டால் இருக்கிற காயாவது தேறும்.

அடுத்த வீட்டுச் சுக்கினிப் பூசணியைத் தண்டுப்புழு துளைத்துக் கொன்றுவிட்டது என்று பயந்தாய் அல்லவா, பட்டர்நட்டின் தண்டு கெட்டி, அதில் அந்தப் புழு அவ்வளவாக வராது. இங்கே எனக்குச் சிவப்பு வண்டுதான் எதிரி. இரண்டு இலை விடும்போதே சல்லடையாக்கிவிடும். காலை ஈரத்தில் அடுப்புச் சாம்பலைத் தூவுவேன், பாதி கேட்கும், பாதி கேட்காது.

பட்டர்நட்டுக்கு விண்டர் ஸ்குவாஷ் (குளிர்காலப் பூசணி) என்று பெயர் இருப்பதால் அது குளிரில் விளையும் என்று நினைத்துவிடாதே. கோடையில் விளைவித்துக் குளிர்காலம் முழுக்க வைத்துச் சாப்பிடுகிற காய் அது. நம் சர்க்கரைப் பூசணியும் அதுவும் ஒரே இனம், அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். கும்பகோணத்து உன் மாமியார் அதைப் பறங்கிக்காய் என்கிறார்களே, பறங்கி என்றால் வெள்ளைக்காரன், அந்தப் பெயரிலேயே கப்பல் இருக்கிறது.

ஆனால் முற்றவிட வேண்டும். போன வருஷம் ஆடிப்பெருக்கு அன்று குழிக்கு நாலு விதையாகப் போட்டு, மாட்டு எருவும் துணி துவைக்கிற தண்ணீரும் விட்டு வளர்த்த கொடியில் ஐந்து காய். பொறுமையில்லாமல் இரண்டை முன்னாலேயே அறுத்துவிட்டேன். உள்ளே வெளிறிப் போய், புளிக்குழம்பில் போட்டால் தண்ணீராகக் கரைந்தது. "இது பூசணியா சுரைக்காயா?" என்று அம்மா கேட்டதை இன்னும் தெருவில் பேசுகிறார்கள். நகத்தால் அழுத்தினால் தோலில் பதியக்கூடாது, காம்பு காய்ந்து கட்டைபோல ஆகியிருக்க வேண்டும். பட்டர்நட் என்றால் பச்சைக் கோடெல்லாம் மறைந்து சந்தன நிறமாகிவிடும். காய் பிடித்ததிலிருந்து ஏழெட்டு வாரம் ஆகலாம்.

அறுக்கும்போது காம்பை மூன்று நான்கு விரற்கடை விட்டு அறு, அதைப் பிடித்துத் தூக்காதே. நான் தூக்கினேன். காம்பு கையோடு வந்துவிட்டது, பரணில் வைத்த அந்தக் காய் இரண்டே வாரத்தில் அழுகி, வீடெல்லாம் நாறி, அம்மா என்னையும் சேர்த்து வெளியே வைக்கப் பார்த்தாள். அறுத்ததைப் பத்து நாள் மழை படாமல், காற்றோட்டமான வெதுவெதுப்பான இடத்தில் வைத்துவிட்டு, அப்புறம் உன் பேஸ்மென்ட்டில் ஒன்றோடொன்று இடிக்காமல் அடுக்கு. 10லிருந்து 13 டிகிரி செல்சியஸ் இருந்தால் இரண்டு மூன்று மாதம் தாராளமாக இருக்கும். பிரிட்ஜில் முழுக்காயை வைக்காதே. எங்களுக்கு அந்தக் குளிர்ச்சி ஏது, மதுரை வெக்கையில் பரண்தான், பொங்கல் கூட்டுக்கு ஒன்று மிஞ்சினால் பெரிது.

இங்கே ஆடிக்காற்று புழுதியை வாரி இறைக்கிறது. குழி எடுத்துவிட்டேன், இந்த வாரம் விதை போட வேண்டும். முதல் பெண்பூ வந்ததும் படம் எடுத்து அனுப்பு. உனக்குக் காலை ஆறு மணி என்றால் எங்களுக்கு மத்தியானம் மூன்றரை, அம்மா தூங்கிக்கொண்டிருப்பாள், என் நம்பருக்கே போடு.

இப்படிக்கு,
அப்பா
திருநகர், மதுரை