அந்தக் கறுப்புப் பானையில் ஏன் இரண்டு பெயர்?

அன்புள்ள தம்பிக்கு,

அல்புகர்க்கியில் ஒரு பழைய வீட்டுச் சாமான் விற்பனையில் வாங்கினாயே, அந்தக் கறுப்புப் பானையின் படத்தை நாலு நாளாகத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அடியில் மரி, சான்டானா என்று இரண்டு பெயர் இருக்கிறதே, அப்படியானால் இது பெயர்பெற்ற பானைக் கலைஞர் மரியா மார்ட்டினஸ் செய்ததா இல்லையா என்று கேட்டிருந்தாய். புதிதாகச் சேகரிக்கத் தொடங்குகிற பலருக்கும் வருகிற சந்தேகம் இது. அதனால் பதிலை எல்லோரும் படிக்கும்படி இங்கேயே எழுதுகிறேன்.

மரியா செய்ததுதான், மரி என்று எழுதியதும் அவர்தான். சான்டானா செய்ததும்தான்.

மரியாவின் ஊர், அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவிலுள்ள சான் இல்டெஃபோன்சோ பியூப்லோ என்ற பூர்வகுடிக் கிராமம். அங்கே பானை என்பது வீடே சேர்ந்து செய்கிற வேலை. மண்ணோடு எரிமலைச் சாம்பலைக் கலந்து பிசைவார்கள். சக்கரம் கிடையாது. மண்ணைக் கயிறுபோல் உருட்டி, வளையம் வளையமாக அடுக்கி எழுப்பி, சுரைக்குடுக்கை ஓட்டால் வழித்துச் சீராக்குவார்கள். அப்புறம் மேலே செம்மண் குழம்பைப் பூசி, அது முழுக்கக் காய்வதற்குள் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்ற வேண்டும். நடுவில் எழுந்து போக முடியாது. தாய் தேய்த்த கல் மகள் கைக்குப் போகும்.

மரியா பானை எழுப்ப, கணவர் ஜூலியன் அதில் சித்திரம் தீட்டினார். 1943இல் அவர் இறந்தபின் அந்த வேலையை மருமகள் சான்டானா எடுத்துக்கொண்டார். 1950களின் நடுவிலிருந்து மரியாவின் மகன் போபோவி டா. ஆக உன் பானை பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தது. சித்திரமே இல்லாத மெருகுப் பானைகளில் மரியா தன் பெயரை 'மரியா போவேகா' என்று எழுதுவார். போவேகா என்பது அவருடைய ஊர் மொழியான டேவாவில் அவர் பெயர். அல்லி மலர் என்று பொருள்.

பெயர் எழுதும் வழக்கமே வாங்குபவர்களுக்காக வந்ததுதான். மரியாவின் பெயர் இருந்தால் கூடுதல் விலை கிடைக்கும் என்பதால், ஊர்ப் பெண்கள் கேட்டபோது அவர்கள் செய்த பானைகளிலும் அவர் தன் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறார். சேகரிப்பாளர்கள் இதைப் பெரிய சிக்கலாகப் பேசுகிறார்கள். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது இதைப் படித்தபோதுதான். அந்தப் பெயரால் வரும் பணம் ஊருக்கும் சேரட்டும் என்று நினைத்த மனுஷி.

அந்தக் கறுப்பு சாயம் இல்லை. அடுப்பில் வைக்கும்போது பானை சிவப்பாகத்தான் இருக்கும். சுற்றிலும் விறகும் வரட்டியும் அடுக்கி, நெருப்பு படாமல் இருக்கத் தகரத் துண்டுகளை, சில சமயம் பழைய கார் நம்பர் பிளேட்டுகளையும், மறைப்பாக வைப்பார்கள். சூடு ஏறியதும் பொடித்த சாணத்தைக் கொட்டி நெருப்பை மூடிவிடுவார்கள். காற்று போகாத அந்தப் புகையில் மண்ணிலுள்ள இரும்பு கறுத்துவிடும். மெருகின்மேல் குழம்பால் தீட்டிய இடம் மட்டும் பளபளக்காமல் மங்கலாக நிற்கும். உன் பானையின் கழுத்தைச் சுற்றி ஓடுகிற கொம்புள்ள பாம்பு, அவான்யு, அப்படித் தெரிவதுதான். தண்ணீரோடு சேர்ந்தது அது. கறுப்பு மெருகின்மேல் மங்கலாகச் சித்திரம் தீட்டும் இந்த முறை, 1919 வாக்கில் மரியாவும் ஜூலியனும் கண்டுபிடித்தது.

ஆனால் நீ அதில் தண்ணீர் ஊற்றிவிடாதே! பூச்செண்டும் வேண்டாம், ஈரத்துணியும் வேண்டாம். குறைந்த சூட்டில் சுட்ட மண், ஈரம் பட்டால் மெருகு போய்விடும்.

பெயர் இல்லாத பானையை மட்டமாக நினைக்காதே. அரிசோனாவில் ஹோப்பி என்ற பூர்வகுடி மக்களின் நிலத்தில் வாழ்ந்த பானைக் கலைஞர் நம்பேயோவுக்கு எழுதத் தெரியாது. சிக்யாட்கி என்ற பாழ்பட்ட ஊரின் பழைய ஓடுகளைப் பார்த்து ஒரு மரபையே மீட்டவர். பிற்காலத்தில் கண்பார்வை மங்கியபோதும் தடவிப் பார்த்தே பானை எழுப்பினார்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இரு. நடுவில் ஓட்டை போட்ட, மிம்ப்ரெஸ் என்ற பழங்கால மக்களின் கிண்ணம் என்று யாராவது காட்டினால் வாங்காதே. இறந்தவர் முகத்தின்மேல் கவிழ்த்துப் புதைத்தவை அவை. எவ்வளவு அழகாக இருந்தாலும் அவை இருக்க வேண்டிய இடம் நம் அலமாரி அல்ல.

ஆகஸ்டில் சாண்டா ஃபே நகரில் பூர்வகுடிக் கலைஞர்களின் சந்தை கூடும்போது போய் வா. பானை செய்தவர்களே கடை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பேரம் பேசாதே. எந்த மண், யாரிடம் கற்றது என்று கேள், சொல்வார்கள். அப்புறம், உன் பானையின் அடிப்பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் இன்னொரு படம் எடுத்து அனுப்பு. சான்டானா என்ற எழுத்து அதில் சரியாக விழவில்லை.

அன்புடன்,
அக்கா