கடை வாசலில் குட்டிகளை விட்டுச் செல்ல வேண்டாம்

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து ஏழு முறை ஆகிவிட்டது. காலையில் ஷட்டரைத் தூக்க வந்தால் வாசலில் ஓர் அட்டைப்பெட்டி, உள்ளே நாய்க்குட்டிகள். கடைசியாக வந்த பெட்டியில் ஐந்து இருந்தன. கண் திறந்து சில நாள்தான் ஆகியிருக்கும். ராத்திரி சாரலில் அட்டை ஊறி, இரண்டு குட்டிகள் விறைத்துக் கிடந்தன. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பால் இருந்தது. வைத்தவர் இரக்கப்பட்டுத்தான் வைத்திருக்கிறார். அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறோம்.

விலங்குகள் காப்பகத்துக்காரர்கள் சனிக்கிழமைதோறும் நம் கடைக்கு நொய் வாங்க வருவது திருப்பாதிரிப்புலியூரில் பலருக்கும் தெரியும். இங்கே விட்டால் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறீர்கள். அங்கே வேலை பார்ப்பது மொத்தம் நான்கு பேர். ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர், லோடு ஆட்டோ ஓட்டும் தம்பி, படிப்பு முடித்த இரண்டு பெண்கள். வாரம் இரண்டு மூட்டை நொய் எடுப்பார்கள். கறிக்கடையில் கோழிக்கழுத்தும் காலும் வாங்கி, மஞ்சள்தூள் போட்டு, உப்பில்லாமல் குண்டானில் குழைய வேகவைத்து, ஆறவைத்துப் போடுவார்கள். 2024 டிசம்பரில் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை கரை மீறியபோது அந்தத் தம்பி இடுப்பளவு தண்ணீரில் நாயைத் தோளில் தூக்கி வந்ததை நாங்களே பார்த்தோம்.

அப்படிப்பட்டவர்கள் "இப்போது குட்டிகளை எடுக்க முடியாது" என்று சொல்லும்போது சிலர் நம் கடையிலேயே நின்று அவர்களைத் திட்டியிருக்கிறீர்கள். எங்களுக்கு அது மிகவும் வருத்தமாக இருந்தது. அவர்கள் ஏன் மறுக்கிறார்கள் என்று கேளுங்கள்.

பார்வோ என்று ஒரு வைரஸ். குட்டிகளுக்கு வாந்தியும் ரத்தப்போக்கும் வந்து, இரண்டு மூன்று நாளில் உயிரே போய்விடக்கூடும். உடம்பில் ஏறி வெளியே தெரியவே மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் ஆகும். அதனால் பெட்டியில் துள்ளி விளையாடும் குட்டிகூட நோயோடு வந்திருக்கலாம். இந்த வைரஸ் தரையில் மாதக்கணக்கில் தங்கும். சாதாரண பினாயிலுக்கு அடங்காது, பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவ வேண்டும். மாதாமாதம் இவ்வளவு பிளீச்சிங் எதற்கு என்று நாங்களும் முதலில் கேட்டவர்கள்தான். தடுப்பூசியோ ஆறு வார வயதுக்குப் பிறகுதான் தொடங்க முடியும். ஆக, புதிதாக ஒரு குட்டி உள்ளே போனால், ஏற்கெனவே தேறிவரும் பத்துக் குட்டிகளுக்கும் ஆபத்து. தனிக்கூண்டு காலியாக இருந்தால் மட்டுமே எடுக்கிறார்கள். அது சரியான முடிவு என்பதே எங்கள் எண்ணம்.

அப்புறம் தாய். மூன்று வாரக் குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. தாயின் வயிற்றோடு ஒட்டிக்கிடக்க வேண்டும். கிண்ணத்தில் வைக்கும் பசும்பால் வயிற்றுப்போக்கில்தான் கொண்டுபோய் விடும். குட்டிகளை நீங்கள் எடுத்துவந்த பிறகு, பால் கட்டிய மடியோடு தாய் தெருத்தெருவாகத் தேடி அலையும். ஆறு ஏழு மாதத்தில் மறுபடியும் ஈனும். அடுத்த பெட்டியும் நம் வாசலுக்கு வரும்.

எனவே குட்டிகளைப் பிறந்த இடத்திலேயே தாயோடு இருக்க விடுங்கள். மழைக்கு மேலே ஒரு தகரமோ தார்ப்பாயோ, கீழே ஒரு சாக்கு. சாக்கு நம் கடையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், காசு வேண்டாம். தாய்க்கு ஒருவேளைச் சோறு வைத்தால் குட்டிகளுக்குப் பால் ஊறும். குட்டிகள் பால்குடி மறந்ததும் தாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் செய்ய காப்பகத்துக்காரர்கள் வந்து பிடித்துப் போவார்கள். வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு, அடையாளத்துக்குக் காது நுனியில் சிறிதாக வெட்டி, அதே தெருவில் கொண்டுவந்து விடுவார்கள். "ஏன் திரும்பக் கொண்டுவந்தீர்கள்?" என்று அவர்களோடு சண்டை போடாதீர்கள். 2023இல் வந்த மத்திய அரசு விதியே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் பள்ளி, ஆஸ்பத்திரி, பேருந்து நிலையம் போன்ற இடங்களில் பிடித்த நாயைத் திரும்ப அங்கே விடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் உத்தரவிட்டிருக்கிறது.

கடிபட்டால் என்ன செய்வது என்றும் கேட்கிறீர்கள். உடனே சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காமல் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி அங்கே இலவசம். எல்லாத் தவணையும் போட்டு முடியுங்கள்.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். எந்தத் தெரு, தாய் என்ன நிறம், குட்டிகள் எத்தனை, பிறந்து எத்தனை நாள் இருக்கும் என்று எழுதி, உங்கள் கைபேசி எண்ணையும் குறித்துவிட்டுப் போங்கள். சனிக்கிழமை டீச்சரம்மா வந்ததும் அதைப் பார்ப்பார். அடிபட்ட விலங்கு என்றால் சனிக்கிழமைவரை காத்திருக்க வேண்டாம். எங்களிடம் சொல்லுங்கள், உடனே அவர்களுக்கு போன் செய்கிறோம். காப்பகத்துக்கு நொய் வாங்கித் தர விரும்புகிறவர்களுக்கு இந்த மாதம் முதல் கொள்முதல் விலைக்கே தருகிறோம்.

அந்தப் பெட்டியில் பிழைத்த மூன்று குட்டிகளும் இப்போது காப்பகத்தில் தனிக்கூண்டில் இருக்கின்றன. மூன்றும் பெண்குட்டிகள். வளர்க்க விருப்பமிருந்தால் அந்த நோட்டிலேயே பெயர் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தீவனக் கடை,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.