அக்கா, முதலில் தேதியைப் பாருங்கள். மலையை அப்புறம் பார்க்கலாம்

அன்புள்ள அக்கா,

குடும்பத்தோடு பனிச்சறுக்குக்குப் போக காஷ்மீரின் குல்மார்க்கா, உத்தராகண்டின் ஔலியா, இமாச்சலின் சோலாங்கா என்று கேட்டிருந்தீர்கள். போனில் ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் டிசம்பர் பிறந்தாலே டெல்லியில் மயூர் விஹாரிலிருந்து ஆர்.கே.புரம் வரை நம்மவர்கள் பலரும் இதையே கேட்கிறார்கள். அதனால் உங்களுக்கான கடிதத்தை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். உங்கள் மாமியாரின் பேச்சும் இடையில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அத்திம்பேர் குல்மார்க் வேண்டும் என்கிறார். சரி, ஆனால் அவர் சொல்லும் காரணம் சரியில்லை. அங்குள்ள கேபிள் கார் இரண்டாம் கட்டத்தில் அபர்வத் மலையில் 3,900 மீட்டருக்கு மேல் ஏறுகிறது என்பதில்தான் அவருக்கு மயக்கம். உங்கள் வீட்டில் யாரும் இதுவரை ஸ்கீ என்னும் சறுக்குப் பலகையில் கால் வைத்ததில்லை. முதல் சில நாட்கள் நீங்கள் நால்வரும் விழுந்து எழப்போவது, சரிவு என்றே சொல்ல முடியாத ஒரு மேட்டில். மலை எவ்வளவு உயரம் என்பது உங்களுக்கு எதற்கு? கற்றுக்கொள்ளும் சரிவு அறையிலிருந்து எத்தனை தூரம், ஸ்கீ செய்யாதவர் பகல் முழுவதும் என்ன செய்வார் என்பதுதான் கேள்வி.

அப்படிக் கேட்டாலும் விடை குல்மார்க்தான். ஊரே கிண்ணம் போல விரிந்த ஒரு புல்வெளி. குளிர்காலத்தில் அங்குள்ள கோல்ஃப் மைதானத்தின் மேல் பனி மூடிக்கிடக்கும். தொடக்கக்காரர்களின் சரிவுகள் விடுதிகளுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. உயரம் சுமார் 2,650 மீட்டர், கிட்டத்தட்ட நம் தொட்டபெட்டா. மாமி முதல் நாள் வேகமாக நடக்காமல் இருந்தால் போதும். கேபிள் காரின் முதல் கட்டத்தில் கோங்தூரி வரை அவரும் போய்வரலாம். அதற்கு மேல் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் அவரை டாக்டரைக் கேட்காமல் ஏற்ற வேண்டாம். மேலே இருப்பது தேர்ந்தவர்களின் மலை, பனிச்சரிவு அபாயமும் உண்டு. 2023 பிப்ரவரியில் அபர்வத்தில் போலந்து நாட்டவர் இருவர் அப்படித்தான் இறந்தார்கள். அத்திம்பேர் அங்கே போய்ப் படம் எடுத்துக்கொள்ளட்டும், இறங்குவதும் கேபிள் காரிலேயே இருக்கட்டும்.

இடம் முடிந்தது. என் கவலையெல்லாம் தேதியைப் பற்றித்தான்.

டெல்லிப் பள்ளிகளின் குளிர்கால விடுமுறை பெரும்பாலும் ஜனவரி முதல் பாதியில் வருகிறது. ஊரே அப்போதுதான் கிளம்பும், அறை வாடகையும் ஏறும். பனியோ வானத்தின் தயவு. 2024 ஜனவரியில் குல்மார்க் பெரும்பாலும் காய்ந்த புல்லாகவே கிடந்தது. மாதக் கடைசியில்தான் பனி கொட்டியது. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிளம்பி வரும் காற்றுச் சுழற்சிகள்தான் காஷ்மீருக்குப் பனி கொண்டுவருகின்றன. ஜனவரியில் நமக்கு இங்கே திடீரென்று தூறல் போடுகிறதே, அதுவும் அவற்றின் கைவரிசைதான். ஐரோப்பாவில் வானம் ஏமாற்றினால் இயந்திரத்தை வைத்துப் பனி தூவுகிறார்கள். இங்கே அதை நம்பிப் பயணம் வைக்க முடியாது.

காஷ்மீரிகள் சில்லை கலான் என்று சொல்லும் நாற்பது நாள் கடுங்குளிர் டிசம்பர் 21-இல் தொடங்கி ஜனவரி முடிவில் ஓய்கிறது. அதற்குள் விழுந்த பனி பிப்ரவரியில் தரையில் படிந்திருக்கும், பகலும் சற்று நீளும். ஆகவே பிப்ரவரி முதல் இரண்டு வாரத்தில் போங்கள். பள்ளி என்னாகும் என்பீர்கள். பெரியவள் ஆறாம் வகுப்பு. ஒரு வாரம் மட்டம் போட்டால் ஐ.ஐ.டி. கைநழுவிப் போய்விடாது.

2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு காஷ்மீர் என்றாலே மாமி பயப்படுகிறார் என்று சொன்னீர்கள். பயத்தோடு போய் அவர் அறையிலேயே உட்கார்ந்திருப்பதில் அர்த்தமில்லை. அரசு அறிவிப்புகளைப் பாருங்கள், ரத்து செய்தால் பணம் திரும்பும் டிக்கெட்டாக எடுங்கள். மனம் ஒப்பவில்லை என்றால் ஔலி. நந்தா தேவி எதிரே நிற்கும், சரிவுகளும் நல்லவை, அரசின் சுற்றுலா நிறுவனமான கட்வால் மண்டல் விகாஸ் நிகம் பனிச்சறுக்குப் பயிற்சியும் நடத்துகிறது. கீழே ஜோஷிமட்தான் திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி என்று சொல்வார்கள். நரசிம்மர் சன்னதி இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள், மாமி முதல் ஆளாகப் பெட்டி கட்டுவார். சிரமம் பாதைதான். ரிஷிகேஷிலிருந்து ஒரு முழுப் பகல் வளைந்து வளைந்து ஏற வேண்டும், சின்னவனுக்கோ காரில் ஏறினாலே குமட்டும். ஜோஷிமட்டிலிருந்து ஔலிக்குப் போகும் ரோப்வே 2023 ஜனவரியில் நிலம் உள்வாங்கியபோது நிறுத்தப்பட்டது. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள், சாலை வழிதான் என்று கணக்கில் வையுங்கள்.

சோலாங் வேண்டாம். மணாலி போகிறவர்கள் வழியில் கோட்டும் கம்பூட்டும் வாடகைக்கு எடுத்து ஒரு மணி நேரம் விளையாடிவிட்டு வரும் இடமாகிவிட்டது. படம் நன்றாக வரும். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் குழந்தைகளால் எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

இனி பூட்ஸ். முதல் நாள் அழுகை பெரும்பாலும் அதில்தான் தொடங்கும். கணுக்காலுக்கு மேலே வரை கெட்டிப் பிளாஸ்டிக், முன்பக்கம் வரிசையாக உலோகக் கொக்கிகள். மாட்டிவிட்டு முழங்காலை முன்னே மடக்கச் சொல்லுங்கள். குதிகால் உள்ளே தூக்கினால் பெரிய அளவு, மாற்ற வேண்டும். நிமிர்ந்து நின்றால் விரல் நுனி பூட்ஸின் முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும், மடக்கினால் விலக வேண்டும். சாக்ஸ் ஒன்றே போதும், கம்பளி. குளிருக்குப் பயந்து இரண்டு மாட்டினால் கால் இறுகி இன்னும் விறைக்கும். குழந்தை அளவு பூட்ஸ் எல்லாக் கடையிலும் இருக்காது, முன்பே கேட்டு வைக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் எடை கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், அக்கா. விழும்போது ஸ்கீ காலிலிருந்து கழன்றுகொள்ள வேண்டிய திருகை அந்த எடையையும் பார்த்துத்தான் முறுக்குவார்கள். அதில் நான்கு கிலோ குறைத்துச் சொன்னால் ஸ்கீ வேண்டாத நேரத்தில் கழன்று உங்களை விழ வைக்கலாம்.

குல்மார்க்கில் அறை பதிவு செய்யும்போது மின்சாரம் போனால் சூடு எப்படி என்று கேளுங்கள். புகாரி என்னும் விறகடுப்பு வைப்பார்கள். இதமாக இருக்கும், ஆனால் கதவு ஜன்னல் எல்லாம் அடைத்துக்கொண்டு அதை எரியவிட்டுத் தூங்கக் கூடாது, கரியமில வாயுவை விடக் கொடிய கார்பன் மோனாக்சைடு சேரும். அத்திம்பேரின் டெல்லி ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு ஒன்றாவது கையில் இருக்கட்டும். பனி பெய்தால் அடிவார ஊரான தங்மார்க்கிலிருந்து மேலே சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிதான் போகும், அந்தச் செலவைத் தனியாக எடுத்து வையுங்கள். கேபிள் கார் டிக்கெட்டை ஆன்லைனில் முன்பே வாங்கிவிடுங்கள். பருப்புப் பொடி நான் சொல்லாமலே எடுத்துக்கொள்வீர்கள்.

தேதி முடிவானதும் சொல்லுங்கள். என் மகளுக்குச் சின்னதாகிவிட்ட பனிக்கோட்டும் கையுறையும் இருக்கின்றன, பெரியவளுக்குச் சரியாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வரும்போது கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உங்கள் தங்கை