கண்ணை மூடிக்கொண்டு திட்டியது

அன்புள்ள மகளுக்கு,

கிறிஸ்துவுக்குள் வாழ்த்துகள். குடும்ப ஜெபம் தொடங்கி ஒரு வாரத்திலேயே சின்னவன் "இன்னைக்கும் ஜெபமா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான் என எழுதியிருந்தாய். சிரிப்பு வந்தது. அந்த முகம் எனக்குப் பழக்கமானதுதான், உன்னிடம் பார்த்திருக்கிறேன்.

நம் வீட்டு ஜெபம் உனக்கு மறந்திருக்காது. ஒரு அதிகாரம் முழுக்க வாசிப்பு, அப்புறம் என் ஜெபம். அதில் பாதி ஆண்டவருக்கு, மீதி உனக்கு. "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்குக் கணக்கில் கவனத்தைத் தாரும், எதிர்த்துப் பேசாத நாவைத் தாரும்" என்று கண்ணை மூடிக்கொண்டு உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் நடுவில் கண்ணைத் திறந்தால், நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். "அப்பா, இதை என்கிட்டயே சொல்லலாமே" என்றாய். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. பிள்ளைகளைக் கோபப்படுத்தாதீர்கள் என்று பவுல் தகப்பன்மாருக்கு எழுதிய எபேசியர் 6:4-ஐ எத்தனையோ தரம் உரக்க வாசித்தவன் நான். அது எனக்கும் சேர்த்துத்தான் என்று உறைக்க வருஷங்கள் ஆயின. உன்னிடம் இதுவரை மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன், அம்மா.

அதனால் நீ ஜெபத்தை நீட்டாதே. உபாகமம் 6-ஐ எடுத்துப் பார். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழுந்திருக்கும்போது ஆண்டவருடைய வார்த்தைகளைப் பிள்ளைகளிடம் பேசு என்றுதான் இருக்கிறது. அவன் நடந்துகொண்டே கேட்கும் கேள்விகளை விட்டுவிடாதே. செத்துப்போன நாய்க்குட்டி பரலோகத்தில் இருக்குமா என்று கேட்டால், "எனக்கும் தெரியலடா" என்று சொல்லலாம். எல்லாம் தெரிந்த மாதிரி நான் பேசிய நாட்களில்தான் நீ கேள்வி கேட்பதையே நிறுத்தினாய்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னாவுக்குப் பிறந்த பிள்ளைகள் 19, அதில் பலர் குழந்தையிலேயே இறந்துபோனார்கள். அத்தனை வேலைக்கு நடுவிலும் ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாகப் பேச வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கினார். ஜானுக்கு வியாழக்கிழமை. வளர்ந்து ஊரை விட்டுப் போன பிறகும் அந்த வியாழக்கிழமையைத் தாயிடம் அவர் நினைவுபடுத்தியிருக்கிறார். உனக்கு இரண்டு பிள்ளைகள்தானே, செய்துவிடலாம்.

மாப்பிள்ளை ஜெபத்தில் உட்காருவதில்லை என்பதற்காகச் சண்டை போடாதே. பிள்ளைகளுக்கு முன்னால் "உங்க அப்பாவுக்காக ஜெபிப்போம்" என்று ஆரம்பிக்கவும் வேண்டாம். அது நான் செய்த தப்புதான், ஆள் மட்டும் வேறு. தன்னோடு ஊழியம் செய்த தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும்போது பவுல் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும்தான் சொல்கிறார். தகப்பன் கிரேக்கர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி வேதத்தில் ஒன்றும் இல்லை.

இன்று ராத்திரி சங்கீதம் 117-ஐ வாசி. மொத்தமே இரண்டு வசனம். சின்னவன் முகத்தைத் தூக்குவதற்குள் முடிந்துவிடும்.

அன்புடன்,
அப்பா